மாட்டின் வயிற்றுக்குள் ஓர் எதிரொலி
30 நாளில் சினை காட்டும் ஸ்கேன் கருவி வேலை செய்யும் விதம்

கறவை மாட்டுக்குச் சினை ஊசி போட்டாயிற்று. 21 நாள் கழிந்தும் மாடு கத்தவில்லை. பக்கத்து மாட்டின் மேல் தாவவும் இல்லை. சினை நின்றுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்துவிட்டு, சினை இல்லை என்கிறார். மாடு வளர்ப்போரில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு.

இதில் நஷ்டம் எவ்வளவு என்று கணக்கிடுவது எளிது. பசுவுக்கு ஏறக்குறைய 21 நாளைக்கு ஒரு முறை பருவம் வரும். ஊசி போட்டு 90 நாள் காத்திருந்தால் 21, 42, 63, 84 ஆகிய நாட்களில் வந்த நான்கு பருவங்கள் கைநழுவிப் போகின்றன. 30-ஆம் நாளிலேயே உண்மை தெரிந்திருந்தால் 42-ஆம் நாள் பருவத்தில் மறுபடி ஊசி போட்டிருக்கலாம். 90 நாள் காத்திருந்தவரோ 105-ஆம் நாள் பருவத்தைத்தான் பிடிக்க முடியும். இடையில் 63 நாட்கள். உங்கள் மாட்டின் ஒரு நாள் தீவனச் செலவை 63-ஆல் பெருக்கிப் பாருங்கள். அடுத்த ஈற்றின் பாலும் அத்தனை நாள் தள்ளிப் போகிறது.

மாட்டைக் கவனிக்கவில்லை என்று வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பருவ அறிகுறிகள் பல மாடுகளில் இரவில் தோன்றிச் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். எருமைகளில், அதுவும் கோடையில், ஊமைப் பருவம் மிகுதி. ஆகவே மாடு கத்தவில்லை என்பது சினைக்கு அத்தாட்சி ஆகாது.

ஊசி போட்ட 28 முதல் 30 நாளில் சினையைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் வழி ஒன்று உண்டு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடுக்கிறார்களே, அதே ஸ்கேன்தான். இதை எக்ஸ்ரே போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இதில் எந்தக் கதிரும் கிடையாது. இது வெறும் ஒலி. ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு, அதைப் படமாக வரைகிறார்கள். இந்த எதிரொலியின் குணத்தைத் தெரிந்துகொண்டால், மாட்டை எந்த நாளில் ஓட்டிச் செல்ல வேண்டும், கருவி சொல்வதில் எதை நம்பலாம், எங்கே அது ஏமாறும் என்பதெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

தேங்காயும் கிணறும்

சந்தையில் தேங்காய் வாங்குபவர் அதைச் சுண்டிப் பார்க்கிறார். பானை வாங்குபவர் விரலால் தட்டிப் பார்க்கிறார். உள்ளே இருப்பதை உடைக்காமல் அறிய ஒலியைப் பயன்படுத்தும் வித்தை நமக்குப் பழகியதுதான். ஆஸ்திரியாவில் அவென்புருக்கர் என்ற மருத்துவர், நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று கண்டறியும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்டார். அவர் விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி, சாராயம் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். வயிறு உப்பிய மாட்டின் இடது பள்ளையைத் தட்டி, கொட்டு மாதிரி ஒலிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பதும் இதே முறையே.

தட்டிப் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரியும்; எவ்வளவு ஆழத்தில், என்ன உருவில் என்று தெரியாது. அதற்கு எதிரொலி வேண்டும்.

ஆழ்ந்த கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் குரல் திரும்பி வருகிறது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நீர் 34 மீட்டர் கீழே இருந்தால், ஒலி போய்வர 68 மீட்டர். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். நேரத்தை அளக்கக் கருவி இருந்தால், கயிறு விடாமலே கிணற்றின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். நீர் 17 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருந்தால் நம் குரலும் எதிரொலியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நம் காது அவற்றைப் பிரித்தறியாது. காதின் வேகம் அவ்வளவுதான்.

வௌவாலின் காது இதைவிடப் பன்மடங்கு கூர்மையானது. கண்ணை மறைத்தாலும் வௌவால் எதிலும் மோதாமல் பறப்பதையும், காதை அடைத்தால் தடுமாறுவதையும் 1790-களிலேயே இத்தாலியின் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் சோதித்துப் பார்த்தார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1938-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த டொனால்டு கிரிஃபின், புதிய கருவி ஒன்றின் முன்னால் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் விடை கிடைத்தது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியில் அவை இடைவிடாது கத்திக்கொண்டிருந்தன. சுவரிலும் பூச்சியிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியே அவற்றுக்கு வழிகாட்டி.

காதுக்கு எட்டாத ஒலி ஏன்?

ஒலி என்பது அதிர்வு. ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு மேற்பட்டதைக் கேளா ஒலி அல்லது மீயொலி என்கிறோம். கால்நடைக்குப் பயன்படும் ஸ்கேன் கருவிகளில் விநாடிக்கு 35 லட்சம் முதல் 75 லட்சம் அதிர்வு வரை உள்ள ஒலி வழக்கமாகப் பயன்படுகிறது. மருத்துவர்கள் இதை மூன்றரை, ஐந்து, ஏழரை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள்.

இவ்வளவு விரைந்த அதிர்வு எதற்கு? ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு விடை எளிது. பெரிய அலை ஒன்று வரும்போது நடுவில் நிற்கும் ஒற்றைக் கோரைத்தண்டு அதைத் தடுப்பதில்லை. அலை தண்டைக் கவனியாமல் தாண்டிப் போகிறது. பெரிய பாறையில் மோதினால்தான் திரும்புகிறது. நெருக்கமான சிற்றலைகளோ சிறு கல்லில் பட்டாலும் சிதறித் திரும்பும். ஒலியும் இப்படித்தான். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியை அலைநீளம் என்கிறோம். அந்த நீளத்தைவிட மிகச் சிறிய பொருளை அந்த அலையால் காட்ட முடியாது.

உடலின் தசைக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்கிறது. இது காற்றில் செல்வதைப்போல் நாலரை மடங்கு. கோயில் மணி போன்ற 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை மாட்டின் உடலுக்குள் அனுப்பினால், அதன் அலைநீளம் ஒன்றரை மீட்டர். அதாவது, கிட்டத்தட்ட மாட்டின் நீளம். அதைக்கொண்டு உள்ளே எதைத் தேடுவது? 50 லட்சம் ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். 75 லட்சம் ஆனால் 0.2 மில்லிமீட்டர். 30 நாள் கரு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், ஒரு மொச்சைக்கொட்டை அளவு. அதைத் தெளிவாகப் பார்க்க இந்த நுண்ணிய அலை தேவைப்படுகிறது.

அப்படியானால் இன்னும் விரைந்த ஒலியைப் பயன்படுத்தி இன்னும் தெளிவாகப் பார்க்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் இயற்கை ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. அதிர்வு கூடக்கூட, ஒலி வழியிலேயே வேகமாகக் கரைந்துபோகும். திருவிழாவில் தூரத்திலிருந்து தவிலின் தொப்பி ஒலி கேட்கும். தாளத்தின் கிணுகிணுப்பு கேட்காது. உடலுக்குள் 50 லட்சம் ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய ஒவ்வொரு ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் பாதியாகத் தேய்கிறது. 10 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்புவதற்குள் இந்தத் தேய்மானத்தாலேயே லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். 35 லட்சம் ஹெர்ட்ஸ் ஆனால் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். ஆகவே அருகில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க விரைந்த ஒலி; ஆழத்தில் இருப்பதைச் சற்று மங்கலாகவேனும் பார்க்க மெதுவான ஒலி. பசுவில் மலக்குடல் வழியாகக் கருவியை உள்ளே கொண்டுபோவது இதற்காகத்தான். மலக்குடலுக்கு நேர் கீழே சில சென்டிமீட்டரில் கருப்பை இருக்கிறது. வயிற்றின் வெளியே வைத்துத் தேடினால் அது எட்டாத ஆழம்.

கேட்பதே பெரும்பாலான வேலை

இந்த ஒலியை உண்டாக்கும் பொருளை நீங்கள் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். காஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் 'டிக்' என்ற ஓசையோடு தீப்பொறி வருகிறதல்லவா? அதில் பலவற்றின் உள்ளே இருப்பது ஒருவகைப் படிகம். அதை நசுக்கினால் மின்சாரம் பிறக்கும். பிரான்சில் பியர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர்கள் 1880-இல் இந்தக் குணத்தைக் கண்டார்கள். அதற்கு மின்சாரம் கொடுத்தால் அது தானே விரிந்து சுருங்கும் என்பது மறு ஆண்டு உறுதியாயிற்று. அந்த விரிதலும் சுருங்குதலுமே ஒலி.

ஸ்கேன் கருவியின் முனையில் இத்தகைய படிகத்துண்டுகள், பெரும்பாலும் நூற்றுக்கு மேல், வரிசையாகப் பதித்திருக்கும். இந்த முனையைப் புரோப் என்பார்கள். மின்சாரம் பாய்ந்ததும் படிகம் ஒரு நொடிப்பு ஒலி எழுப்பும். உடனே வாய்மூடிக் காத்திருக்கும். எதிரொலி வந்து படிகத்தை நசுக்கும்போது சிறு மின்சாரம் உண்டாகும். அதுவே படிகம் கேட்கும் முறை. வாயும் காதும் ஒன்றே. ஒலி எழுப்ப ஆகும் நேரம் ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு அளவு. 10 சென்டிமீட்டர் ஆழம் போய்வர 130 பங்கு ஆகும். பேச்சு ஒன்று, கேட்பது நூற்றுக்கு மேல்.

எதிரொலி வந்த நேரத்தைக்கொண்டு ஆழத்தைக் கருவி கணக்கிடுகிறது. 65 பங்கு நேரத்தில் வந்தால் 5 சென்டிமீட்டர், 130 பங்கில் வந்தால் 10 சென்டிமீட்டர். பலமான எதிரொலி வந்த இடத்தில் திரையில் வெள்ளைப் புள்ளி வைக்கிறது. மெலிந்த எதிரொலிக்குச் சாம்பல் நிறப் புள்ளி. ஒன்றுமே திரும்பாத இடத்தைக் கறுப்பாக விட்டுவிடுகிறது. ஆழத்திலிருந்து வரும் எதிரொலி தேய்ந்துபோயிருக்கும் என்பதால், தாமதமாக வருவதை அதற்குத் தக்கபடி பெருக்கிக்கொள்ளும். இப்படி விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஒலித்துக் கேட்டு, வரிவரியாகப் புள்ளி வைத்துப் படம் உருவாகிறது. படம் அசைவதும் தெரியும்.

கொதிகலனும் இறைச்சித்துண்டும்

இந்தக் கருவி மருத்துவத்துக்கு வந்த கதை சுவையானது. முதலில் அது கடலுக்குப் போயிற்று. முதல் உலகப் போரில், 1917-இல், பியர் கியூரியின் மாணவரான லாஞ்ஜவேன், படிகத்தை எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, நீருக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவி செய்தார். பிறகு தொழிற்சாலைகளில் இரும்பு வார்ப்புக்குள் விரிசல் பார்க்க அது பயன்பட்டது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். 1955-இல் அவர் பக்கத்து ஊரில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்கு இரண்டு கார்களில் சென்றார். கார்களில் அவர் கொண்டுபோனவை, அறுவை செய்து எடுத்த கருப்பைக் கட்டிகளும் நீர்க்கட்டிகளும். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையார் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கிவைத்திருந்தார்கள். இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை அவற்றின்மேல் வைத்தபோது, கெட்டிக்கட்டி ஒரு விதமாகவும், நீர்க்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. பின்பு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் துணைசேர, உடலுக்கான கருவி பிறந்தது.

வயிறு பெருத்து, இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர்கள் அதில் பார்த்தார்கள். புற்றில்லை, பெரிய நீர்க்கட்டி என்று எதிரொலி சொல்லிற்று. அறுவை செய்து எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தார். டொனால்டும் பிரவுனும் மக்விக்கர் என்ற மருத்துவரும் சேர்ந்து 1958-இல் இந்த முறையை லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

கால்நடைத் துறை இதில் பின்தங்கி இருக்கவில்லை. 1956-லேயே அமெரிக்காவின் கொலராடோவில், உயிருள்ள மாட்டின் தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் கனத்தைக் கேளா ஒலியால் அளந்து வெளியிட்டுவிட்டார்கள். சினைக்காக மலக்குடல் வழியே கருவியைச் செலுத்திப் படம் பார்க்கும் முறை 1980-இல் பிரான்சில் குதிரைகளுக்குச் செய்து வெளியாயிற்று. அதன்பின் பசுக்களுக்கும் வந்தது. இன்று தோளில் மாட்டிக்கொண்டு தொழுவத்துக்கே கொண்டுவரக்கூடிய, பேட்டரியில் இயங்கும் கருவிகள் உள்ளன.

காற்று ஒரு சுவர்

ஒலி ஒரு பொருளிலிருந்து வேறு பொருளுக்குள் நுழையும் இடத்தில்தான் எதிரொலி உண்டாகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒத்தவை என்றால் கொஞ்சமே திரும்பும். மீதி உள்ளே செல்லும். கொழுப்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் நூற்றுக்கு ஒரு பங்கே திரும்புகிறது. அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகளைப் பார்க்க முடிகிறது. எலும்பில் பட்டால் ஏறக்குறைய நாற்பது பங்கு திரும்பிவிடும். உள்ளே நுழைந்ததையும் எலும்பு விரைவில் விழுங்கிவிடும். எலும்புக்குப் பின்னால் நிழல் விழுந்து கறுத்திருக்கும்.

காற்றோ முற்றிலும் சுவர். தசைக்கும் காற்றுக்கும் நடுவில் ஆயிரத்தில் 999 பங்கு திரும்பிவிடுகிறது. காகிதக் கனம் காற்று இடையில் இருந்தாலும் கருவி குருடாகிவிடும். தோலில் கூழ் போன்ற ஒன்றைத் தடவுகிறார்களே, அது மருந்தென்று எண்ண வேண்டாம். புரோப்புக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள காற்றை விரட்டவே அது. ஆட்டின் வயிற்றில் மயிரைக் கத்தரிப்பதும் மயிருக்குள் தங்கிய காற்றை நீக்கத்தான். மாட்டின் மலக்குடலில் இருந்து சாணத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகே மருத்துவர் கருவியை உள்ளே கொண்டுபோகிறார். சாணத்தோடு வாயு இருக்கும். அதை நேர விரயம் என்று நினைத்து அவசரப்படுத்தாதீர்கள்.

ஆட்டை வலப்பக்கம், மடிக்கு முன்னால் தொடையோரத்தில் மயிரில்லாத இடத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் காரணம் இதுவே. இடப்பக்கம் முழுவதையும் வாயு நிறைந்த பெருவயிறு அடைத்துக்கொண்டிருக்கிறது.

மாடு கம்பி விழுங்கிவிட்டது, ஸ்கேனில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இரைப்பையில் இருக்கும் வாயு பல சமயம் கம்பியை மறைத்துவிடும். கம்பி குத்தி இதயத்தைச் சுற்றி நீரோ சீழோ கோத்திருந்தால் அது ஸ்கேனில் நன்றாகத் தெரியும். கம்பியையே காட்ட எக்ஸ்ரேதான் ஏற்றது.

திரையில் தெரிவது

நீர் ஒரே சீரானது. உள்ளே எந்த எல்லையும் இல்லை. எனவே எதிரொலியும் இல்லை. திரையில் அது கன்னங்கரேலென்று தெரியும். சினையை எளிதில் காண உதவுவது இந்த ஒரு குணமே. கருவைச் சுற்றி நீர் சேர்கிறது. சாம்பல் நிறக் கருப்பைக்குள் ஒரு கறுப்புத் திட்டு. அதன் நடுவே மொச்சை போல் வெளுத்த ஒரு பொருள். அதற்குள் படபடவென்று துடிக்கும் ஒரு புள்ளி. அது இதயம். இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டால் சினை உண்டு, கரு உயிரோடு இருக்கிறது என்ற இரண்டும் ஒரே சமயத்தில் உறுதியாகின்றன. கைவிட்டுப் பார்க்கும் முறை, எவ்வளவு தேர்ந்த கையானாலும், இந்த நாளில் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லாது.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் சினை அல்ல. கருப்பையில் சீழ் இருந்தாலும் திரவம் தெரியும். ஆனால் அது தெளிந்த கறுப்பாக இராமல், பனி தூவினாற்போல் வெள்ளைத் துகள்கள் மிதக்கும். ஆடுகளில் பொய்ச்சினை என்று ஒன்று உண்டு. வயிறு பெருக்கும், கருப்பையில் தெளிந்த நீரும் இருக்கும். குட்டி மட்டும் இராது. கடைசியில் ஒருநாள் நீராகக் கொட்டிவிடும். இதைக் குட்டி கரைந்துவிட்டது, கண் பட்டுவிட்டது என்றெல்லாம் சொல்வார்கள். ஸ்கேனில் நீரின் நடுவே குட்டியும் இல்லை, நஞ்சுக்கொடி மொட்டுகளும் இல்லை என்பது தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு.

செம்மறி, வெள்ளாடு வைத்திருப்போருக்கு 45 முதல் 90 நாளுக்குள் ஸ்கேன் பார்ப்பது நல்லது. அந்த நாட்களில் குட்டிகளை எண்ணவும் முடியும். அதற்குப் பின் குட்டிகள் பெருத்து ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். இரட்டைக் குட்டி என்று தெரிந்தால், ஈனுவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் அந்த ஆட்டுக்குத் தனியாக அடர்தீவனம் கூட்டலாம். இரட்டை சுமக்கும் ஆடு தீவனம் போதாமல் கடைசி நாட்களில் படுத்துவிடுவதும், தாயும் குட்டிகளும் சாவதும் பலர் பட்ட அனுபவம்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடுக்கும் ஸ்கேனும் இதே எதிரொலிதான். தேவைக்கு எடுப்பதால் குழந்தைக்குக் கெடுதல் என்ற அச்சம் வேண்டியதில்லை. உடலில் கரையும் ஒலி சிறிது வெப்பமாக மாறும் என்பதால், தேவையான நேரத்துக்கு மேல் நீட்டிக்காமல் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தேதிதான் முக்கியம்

ஸ்கேன் கருவி வந்ததால் ஓர் ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது. 20-ஆம் நாளிலேயே மாட்டை ஓட்டிக்கொண்டுபோய், பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். கரு அப்போது சில மில்லிமீட்டர். நீரும் போதிய அளவு சேர்ந்திராது. திரையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சினை இல்லை என்று எண்ணி, பருவத்துக்குக் கொண்டுவரும் ஹார்மோன் ஊசி போட்டுவிட்டால், உள்ளே இருந்த நல்ல சினை கலைந்துபோகும். கருவி பொய் சொல்லவில்லை; கேட்ட நாள் தவறு. இதனால்தான் 28 நாளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். 30 நாள் என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஊசி போட்ட தேதி தெரியாமல், 'போன அமாவாசைக்கு முன்னாலே' என்று சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்? ஊசி போட்டவர் கொடுத்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிவையுங்கள். இடையில் காளைக்கு விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 35 நாள் கணக்குக்கு 14 நாள் கரு இருந்தால், இல்லை என்றே படம் காட்டும்.

30-ஆம் நாளில் சினை உறுதியான மாட்டையும் 60-ஆம் நாளில் மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இந்த இடைக்காலத்தில் சில மாடுகளில் கரு தானாகவே அழிந்துவிடுவதுண்டு. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. முதல் பரிசோதனையை நம்பி மாதக்கணக்கில் இருந்துவிட்டால், பழைய நஷ்டம் அப்படியே திரும்பி வந்துவிடும். இரண்டாம் முறைக்கு ஸ்கேன் வேண்டியதில்லை. பழகிய கையே போதும்.

கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் ஸ்கேன் பரிசோதனை செய்கிறார்கள். உங்கள் பகுதி மருந்தகத்தில் கருவி இருக்கிறதா, எந்தக் கிழமையில் பார்க்கிறார்கள் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்து, 30 நாள் கடந்த மாடுகளை ஒரே நாளில் காட்ட ஏற்பாடு செய்துகொண்டால், கருவியோடு மருத்துவரை ஊருக்கே வரச் சொல்வதும் கட்டுபடியாகும். ஸ்கேன் வசதி எட்டாத ஊரில் இருப்பவர்கள், அது இல்லையே என்று 90 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 60-ஆம் நாளில் கைவிட்டுப் பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவர் சொல்லிவிடுவார். 63-ஆம் நாள் பருவத்துக்கு இன்னும் மூன்று நாள் மிச்சமிருக்கும். எருமை வைத்திருப்பவர்கள் அந்த மூன்று நாளும் மாலையிலும் விடியற்காலையிலும் தொழுவத்தில் விளக்கோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது கத்தாது, பின்புறம் கண்ணாடி போன்ற கோழை தெரிந்தால் அதுவே பருவம்.